பழைய அவுட்போர்டா, புதுசா? சின்ன போட்டுக்கு மோட்டார் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை ஊரூர் குப்பத்தில் எங்கள் வீட்டில் அண்ணன் கடலுக்குப் போகிறார், கரையில் மோட்டாரோடு மல்லுக்கட்டுவது என் வேலை. நான் மெக்கானிக் கிடையாது. ஆனால் பதினைந்து வருடத்தில் நான்கு மோட்டார் வாங்கி, இரண்டை விற்று, ஒன்றில் நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். அதனால் யார் மோட்டார் வாங்கப் போனாலும் வலைக்கூடத்தில் வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதியே வைத்துவிட்டேன். இது 18 முதல் 28 அடி வரை உள்ள பைபர் போட்டுக்கு, 8 முதல் 15 குதிரைத்திறன் வரையான அவுட்போர்டுக்கு, அதாவது போட்டின் பின்பலகையில் வெளியே மாட்டிக் கழற்றும் மோட்டாருக்கு. பெரிய மோட்டார் பற்றி எனக்கு அனுபவம் இல்லை.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், புதுசா பழசா?

தினமும் தொழிலுக்குப் போகிற போட் என்றால் புதுசு. கடன் வாங்கியாவது புதுசு. மாதத்துக்கு நாலு நாள் போகிற போட், ஆற்று முகத்துவாரத்துக்குள்ளேயே சுற்றுகிற போட், இல்லை ஏற்கெனவே ஒரு மோட்டார் இருந்து கூடுதலாக ஒன்று தேவை என்றால் பழசு போதும். ஆனால் அந்தப் பழசு யாரிடம், எந்தக் கரையில், எத்தனை வருடம் ஓடியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஆளிடம், தெரியாத மோட்டாரை, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள். அப்படி வாங்கினவன்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம கரையில் பாதிப்பேர் டீசல் லாங் டெயில்தானே ஓட்டுகிறார்கள், அவுட்போர்டு எதற்கு?

நியாயமான கேள்வி. நீளக் கம்பியின் நுனியில் புரொப்பல்லர் வைத்த டீசல் என்ஜினுக்கு எரிபொருள் செலவு குறைவு, எந்த மெக்கானிக்கும் பிரித்துப் போடுவார், ஆழம் குறைவான இடத்தில் கம்பியைத் தூக்கிக்கொள்ளலாம். மொத்த வலையோடு தினமும் தூரம் போகிறவர்கள் அதிலேயே இருக்கட்டும். அவுட்போர்டு வேண்டும் என்பவர்கள் வேகத்துக்காகவும், கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போக முடியும் என்பதற்காகவும் கேட்கிறார்கள். தூண்டில் போடுகிறவர்கள், சின்ன போட் வைத்திருப்பவர்கள், பழவேற்காடு பக்கம் ஏரிக்குள் போகிறவர்கள் இதில் அதிகம். மேற்கொண்டு அவர்களுக்காக.

பழசு பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன யோசனை?

பாதி விலை என்பது கையில் கொடுக்கிற பணம் மட்டும். என் கணக்கைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் 58 ஆயிரத்துக்கு 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் ஒன்று வாங்கினோம். விற்றவர் வீட்டு வாசலில் நீல நிற டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மாட்டி, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து காட்டினார். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டில் நூல் பிடித்த மாதிரி வந்தது. சத்தம் சுத்தம். நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாவது நாள், அடையாறு முகத்துவாரத்துக்கு நேரே கொஞ்ச தூரம் போனதும், முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓடிய மோட்டார் மெதுவாக மூச்சுத் திணறி, தானாக வேகம் குறைந்து, நின்றுவிட்டது. மேல் மூடியைத் தூக்கினால் பெயின்ட் கருகிய வாசனை. தண்ணீர் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, அதுதான் எங்களைக் குழப்பியது. சித்தப்பா போட் வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஹெட்டை, அதாவது சிலிண்டர் தலையை, கழற்றியபோது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதை முழுக்க உப்பு இறுகிப்போய், உளியால் தட்டி எடுக்கிற நிலைமையில் இருந்தது. பக்கத்தில் வருகிற தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஹெட்டுக்குள் தண்ணீர் போகிறதா என்று அது சொல்லாது. ஹெட் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் செட், கூலி எல்லாம் சேர்ந்து 19 ஆயிரம். ஆறு நாள் தொழில் இல்லை.

அன்றிலிருந்து பழைய மோட்டாருக்கு விலை பேசும்போதெல்லாம் கேட்கிற விலையோடு கால் பங்கைச் சேர்த்துத்தான் மனதில் கணக்குப் போடுகிறேன். அப்படிச் சேர்த்த தொகை புதுசின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புதுசையே பார்க்கலாம்.

புதுசுக்கு அரசு மானியம் இருக்கிறதாமே?

இருக்கிறது, இதைக் கேட்காமல் பழசு தேடி அலைகிறவர்கள்தான் அதிகம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரியப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்த 1.20 லட்சம் ரூபாயை அடிப்படை விலையாக வைத்து 40 சதவீதம், அதாவது 48 ஆயிரம் வரை மானியம் என்று வைத்தார்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். காகிதத்தில் இதை ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்று எழுதியிருப்பார்கள், அவுட்போர்டு என்று தேடினால் கண்ணில் படாது.

படகு பதிவு, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு இவ்வளவும் ஒழுங்காக இருந்தால்தான் கதவைத் தட்டலாம். அந்த வருடத்து ஒதுக்கீடு இருக்கிறதா, தொகை மாறியிருக்கிறதா என்பதை மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஒதுக்கீடு முடிந்துவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஓட்டுவதற்கு மட்டும் ஒரு பழசு வாங்கிச் சமாளித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அது தப்பான யோசனை இல்லை.

பழைய மோட்டாரைப் பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் மூடியைத் தூக்கி என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டிப் பார்த்தது தப்பில்லை, ஆனால் பச்சைத் தண்ணீரைப் போல ஆறிக் கிடக்கும் மோட்டார் எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், விடியற்காலை மூன்று மணிக்கு அதைத்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள். “சாயங்காலம் திரும்ப வருகிறேன் அண்ணே, அதுவரை தொடாமல் வையுங்கள்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

அடுத்தது பெயின்ட். புதுப் பெயின்ட் அடித்த பழைய மோட்டாரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடித்தது எதை மறைக்க என்று பாருங்கள்: காலின் (மோட்டாரில் தண்ணீருக்குள் இறங்கும் பகுதி) அடியில், தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைச் சுற்றி, போல்ட் தலைகளில். போல்ட் தலை மழுங்கியிருந்தால் பலமுறை பிரித்திருக்கிறார்கள். பெயின்ட் அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. காலின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டியைக் கவனியுங்கள். அது பாதி கரைந்திருந்தால் நல்லது, அதன் வேலையே கரைவதுதான். அதன் மேலேயே பெயின்ட் அடித்திருந்தால் அந்த வீட்டில் மோட்டாரைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை.

அப்புறம் புரொப்பல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பின், ஒரு நட், இரண்டு நிமிட வேலை. அதன் பின்னால் ஷாஃப்டைச் சுற்றி நைலான் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நம் கரையில் அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் மிதக்காத இடம் ஏது. அந்த நரம்பு உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துவிடும், சீல் போனால் கியர் பெட்டிக்குள் கடல் தண்ணீர்.

கியர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டாரை நிமிர்த்தி வைத்தபடியே, ராத்திரி முழுக்க அசையாமல் நின்றிருந்தால் இன்னும் நல்லது, காலின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சமாகத் திறந்து நாலு சொட்டு விரலில் எடுங்கள். எண்ணெய் தெளிவாக, கொழகொழவென்று இருக்க வேண்டும். டீக்கடை டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முதல் சொட்டே வெறும் தண்ணீராக வந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். திருகின் நுனியில் மை மாதிரி கறுப்புப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். பளபளவென்று உலோகச் சீவல் ஒட்டியிருந்தால் பல் தேய்கிறது.

விற்பவர் திருகைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறாரா? அதுவும் ஒரு பதில்தான்.

கம்ப்ரஷன் பார்க்கச் சொல்கிறார்களே, அது அவசியமா?

அவசியம். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அது. பைக் மெக்கானிக்குகளிடமே அதற்கான மீட்டர் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, நிறுத்தும் கயிற்றை (உருவினால் மோட்டார் நின்றுவிடும் கயிறு) உருவிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, ஸ்டார்ட்டர் கயிற்றை நாலைந்து முறை நன்றாக இழுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். ஒன்றில் 110, இன்னொன்றில் 105 பிஎஸ்ஐ காட்டினால் சந்தோஷமாக இருங்கள். 110-ம் 85-ம் காட்டினால் ரிங்கோ சிலிண்டரோ ஒரு பக்கம் போய்விட்டது. பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் நான் வாங்கமாட்டேன். கழற்றிய பிளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசியலாம்.

டிரம்மில் ஓட்டிக் காட்டினால் போதாதா?

போதாது, என் கதையை மேலே படித்தீர்களே. டிரம்மில் மோட்டாருக்குச் சுமையே இல்லை. போட்டில் மாட்டி, இரண்டு ஆட்களை ஏற்றி, அரை மணி நேரம் கடலில் முழு வேகத்தில் ஓட்டுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மூடியைத் தூக்கி, சிலிண்டர் தலையில் ஈர விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பொங்கி மறைந்தால் அதிகச் சூடு. திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள், சூடான மோட்டார் எடுக்க அடம்பிடித்தால் அதற்கும் ஒரு செலவு காத்திருக்கிறது. பெட்ரோல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், விற்பவருக்கும் மறுக்கக் காரணம் இருக்காது.

மோட்டார் எங்கே ஓடியது என்பதால் என்ன வித்தியாசம்?

நிறைய. நம் கரைகளில், பட்டினப்பாக்கம் ஆகட்டும், நொச்சிக்குப்பம் ஆகட்டும், கோவளம் ஆகட்டும், அலையை உடைத்துக்கொண்டு மணலிலிருந்தே இறக்கி மணலிலேயே ஏற்றுகிறோம். அந்தக் கலங்கல் தண்ணீரில் மோட்டார் ஓடும்போது பம்ப் மணலையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லரும் அதன் கூடும் அரம் போட்ட மாதிரி தேயும். அப்படி ஓடிய மோட்டாரில் வாட்டர் பம்ப் செட்டை வாங்கின அன்றே மாற்றிவிடுங்கள், நன்றாக இருக்கிறதா என்று ஆராயவே வேண்டாம்.

காசிமேடு துறைமுகத்துக்குள் மிதந்தபடியே கட்டிக்கிடந்த மோட்டாரில் மணல் பிரச்சினை குறைவு, ஆனால் கால் எந்நேரமும் உப்புத் தண்ணீரில் இருந்தால் அரிப்பு அதிகம். பழவேற்காடு ஏரியில் ஓடியது என்றால் சேறு. ஆழம் குறைவு என்பதால் புரொப்பல்லரும் அதற்குக் கீழே நீட்டியிருக்கும் அடித்துடுப்பும் தரையில் உரசியிருக்கும், ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல தண்ணீர் ஏரியில் மட்டும் ஓடிய மோட்டார் கிடைத்தால் விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் உண்மை சொல்வதில்லை. திருகு இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது கடல் பார்த்த மோட்டார்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் விற்பனைக்கு வருகிறதா?

வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிச்சாங் புயலுக்குப் பிறகும் நானே பார்த்திருக்கிறேன். மூழ்கிய மோட்டாரைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, உடனே ஓட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் சேற்றில் கிடந்து, அப்புறம் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தால் பேரிங் உள்ளே துரு பிடித்திருக்கும். ஆறு மாதம் கழித்துக் குரலைக் காட்டும். மூடியின் உள்பக்கத்தில், ரப்பர் பீடிங்கின் மடிப்பில், ஃப்ளைவீலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். மூடிக்குள் வண்டல் மண்ணுக்கு வேலையே இல்லை.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பழசு வாங்கினால் டூ ஸ்ட்ரோக், புதுசு வாங்கினால் ஃபோர் ஸ்ட்ரோக்கையும் சேர்த்து யோசியுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பாகங்கள் குறைவு, எடை குறைவு, காசிமேடு பக்கம் யாரும் பிரித்து மாட்டுவார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் கனம், தினமும் தோளில் சுமக்கிறவருக்கு அந்தக் கூடுதல் எடை முதுகில் தெரியும். கண்டபடி சாய்த்துப் படுக்க வைக்கவும் முடியாது. தவறான பக்கம் சாய்த்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறிவிடும், எந்தப் பக்கம் என்று மோட்டாரிலேயே படம் போட்டிருப்பார்கள்.

ஆனால் பெட்ரோல். தினமும் 8 லிட்டர் குடிக்கிற டூ ஸ்ட்ரோக்குக்குப் பதிலாக 6 லிட்டரில் வேலை முடிகிறது என்று வையுங்கள். சென்னையில் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி, நாளைக்கு 200 ரூபாய். வருடத்துக்கு 200 நாள் போனால் 40 ஆயிரம். கலக்கிற எண்ணெய்ச் செலவு தனி. மாதம் நாலு நாள் போகிறவருக்கு இந்தக் கணக்கு பத்தாயிரம்கூடத் தேறாது, அவர் எளிமையான மோட்டாரோடு இருப்பதே நல்லது.

எண்ணெய் என்றதும் ஒன்று. ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற டூ-டி ஆயிலை அவுட்போர்டில் ஊற்றாதீர்கள். அது காற்றில் குளிரும் என்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணெய். பெரும்பாலான மாடல்களில் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பழைய மோட்டார் வாங்கும்போது விற்பவர் எந்த எண்ணெய் ஊற்றினார் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பதிலிலேயே மோட்டாரின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும்.

இப்போது பங்கில் வருகிற இ20 பெட்ரோல் மோட்டாரைக் கெடுக்குமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. பல அவுட்போர்டுகளின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் அனுமதி என்று இருக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், மோட்டார் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய மோட்டாரின் ரப்பர் குழாய், பம்பின் சவ்வு, கார்பரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல, ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடும்.

அதனால் பழசு வாங்கினால் எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள், டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். இரண்டு வாரம் கடலுக்குப் போகவில்லை என்றால் குழாயைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். புதுசு வாங்குகிறவர்கள் இந்த மாடல் இ20-க்கு ஏற்றதா என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். வாயால் “ஒன்றும் ஆகாது சார்” என்று சொல்வது நாளைக்கு வாரன்டிக்கு உதவாது.

மண்ணெண்ணெய் மாடல் சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

மண்ணெண்ணெய் தடையில்லாமல் கிடைக்கிற வழி உங்களுக்கு இருந்தால் மட்டும். அதில் கரி அதிகம் படியும். பெட்ரோலில் எடுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலில் ஓட்டி நிறுத்த வேண்டும். முந்தைய ஆள் அந்தக் கடைசிப் படியை ஒழுங்காகச் செய்தாரா என்பது ஹெட்டைத் திறந்தால்தான் தெரியும்.

9.9 மோட்டார் மேல் 15 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்களா?

ஒட்டுவார்கள். சில மாடல்களில் 9.9-ம் 15-ம் ஒரே பிளாக், கார்பரேட்டர் மாதிரி ஓரிரு பாகங்கள்தான் வேறு. மூடியையும் மாற்றி மாட்டலாம். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், மாட்டும் கிளாம்பின் பக்கத்தில் இருக்கும் தகட்டில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும், அதைப் படம் பிடித்து அந்த பிராண்டின் டீலரிடம் காட்டுங்கள். எந்த வருடத்து மோட்டார் என்பதும் தெரிந்துவிடும். “மூன்று வருடம்தான் சார் ஆச்சு” என்று சொன்ன ஒன்று, 2005-ல் சுனாமி நிவாரணமாக வந்ததாக இருந்தது. அதுவும் ஓடத்தான் செய்தது, அது வேறு விஷயம்.

ஷாஃப்ட் நீளம் எவ்வளவு வேண்டும்?

உங்கள் போட்டின் அமரத்துப் பலகையை, அதாவது மோட்டார் மாட்டும் பின்பலகையை, மேல் விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை டேப் வைத்து அளவெடுங்கள். 15 அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட், 20 என்றால் லாங். நீளம் பத்தாவிட்டால் அலையில் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பல்லர் காற்றைக் குடித்து ஊளையிடும். இரண்டு அங்குலம் வித்தியாசத்தைப் பலகை வைத்துச் சரிக்கட்டலாம், ஐந்து அங்குலத்தைச் சரிக்கட்ட முடியாது. விலை படிந்த பிறகு இதைக் கண்டுபிடித்து முழித்தவர்கள் உண்டு.

பில் இல்லை என்கிறார், விலை நல்ல விலை. வாங்கலாமா?

கரையிலிருந்து மோட்டார் திருடு போவது புதிதல்ல, அதனால்தானே தினமும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ அது குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. பில் தொலைந்துவிட்டது என்பது பல நேரம் உண்மையாகவே இருக்கும், எங்கள் வீட்டிலேயே ஒன்றைக் கரையான் தின்றது. அப்படியானால் விற்பவரின் படகுப் பதிவு நகல், ஆதார் நகல், வரிசை எண் குறித்து அவர் கையெழுத்துப் போட்ட ஒரு விற்பனைத் தாள், அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தார் ஒருவர் சாட்சி. வரிசை எண் தகட்டைச் சுரண்டியிருந்தால் எதுவும் கேட்காமல் கிளம்பிவிடுங்கள். மானியத்தில் வந்த மோட்டார் என்றால், விற்க ஏதும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரித்துவிட்டே கை வையுங்கள்.

புதுசு வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லையே?

வேறு தொல்லை. வாரன்டி பல பிராண்டுகளில் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் ஒரு காலம், தொழிலுக்கு ஓட்டினால் அதைவிடக் குறைந்த காலம். நீங்கள் தொழிலுக்கு ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லியே பில் போடுங்கள். மறைத்து வாங்கினால் பழுது வரும் அன்று மீன் செதில் ஒட்டிய மோட்டாரோடு போய் நிற்பீர்கள். முதல் பத்து மணி நேரம் பழக்க ஓட்டம், முழு வேகம் கூடாது, டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கூட்டிக் கலக்க வேண்டும், பல மாடல்களில் இரட்டிப்பு. இதைப் பொறுமையாகச் செய்கிறவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். மோட்டார் வந்த மறுநாளே பூஜை போட்டு, மாலை மாட்டி, முழு வேகத்தில் ஒரு சுற்று வந்துதான் ஊருக்கே காட்டுகிறோம்.

எந்த பிராண்ட்?

யமஹா, சுசுகி, டொஹாட்சு, மெர்க்குரி, ஹோண்டா என்று எதை வாங்கினாலும், உங்கள் கரையில் எது அதிகம் இருக்கிறதோ அதை வாங்குங்கள். காரணம் எளிது. ஞாயிற்றுக்கிழமை இம்பெல்லர் கிழிந்தால் பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் கிடைக்கும். மெக்கானிக்கிடம் போய், “அண்ணே, போன மாதம் எந்த மோட்டாருக்கு அதிகம் சாமான் வாங்கினீங்க, எங்கே வாங்கினீங்க?” என்று கேளுங்கள். புதுப்பேட்டையில் பைக் சாமான் தேடுவது போல அவுட்போர்டு சாமானைத் தேட முடியாது, அபூர்வமான பிராண்ட் என்றால் ஒரு சின்ன சீலுக்காக மூன்று வாரம் போட் கரையில் கிடக்கும்.

எந்த மாதத்தில் பழசு மலிவாகக் கிடைக்கும்?

நான் பார்த்தவரை வடகிழக்குப் பருவமழை உக்கிரமாக இருக்கும் நவம்பர், டிசம்பரில் கடலுக்குப் போகாமல் கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டு விற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் சின்ன போட் மீனுக்கு நல்ல விலை, அப்போது ஓடுகிற மோட்டாரை யாரும் விற்கமாட்டார்கள். அப்படி ஒருவர் விற்றால் ஏன் என்று இரண்டு தடவை கேளுங்கள்.

பழசு வாங்கியாயிற்று, முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

வாட்டர் பம்ப் செட், கியர் ஆயில், பிளக், எரிபொருள் குழாய், ஜிங்க் கட்டி இவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், உப்பு அடைத்து வேலை செய்யாததைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே மூடி வைப்பவர்கள் உண்டு. நிறுத்தும் கயிறு அறுந்திருந்தால் புதுசு வாங்கி மணிக்கட்டில் மாட்டுங்கள். முதல் பத்து தடவையாவது இன்னொரு போட் பார்வையில் இருக்கிற தூரத்துக்குள் போங்கள். ஒரு டப்பாவில் பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், புரொப்பல்லர் பின், ஸ்டார்ட்டர் கயிறு, குறடு. துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கரைக்கு வந்ததும் அதே நீல டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். குப்பத்துக்கு லாரித் தண்ணீர் வராத நாளில் இதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும், தெரியும்.

உங்கள் பழைய மோட்டாரை விற்கிறீர்களா?

அந்த 58 ஆயிரம் மோட்டாரா? இன்னும் இருக்கிறது, புதுசு நின்றால் ஓட்டுவதற்காக. இரண்டாவது சிலிண்டரில் 90 காட்டுகிறது, முதலாவதில் 112. வேண்டும் என்றால் வந்து பாருங்கள். மீட்டர் நானே தருகிறேன்.